மழை மலையில் 7018: லோ ஹைட்ரஜன் குச்சியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ரோலர் ஷாஃப்ட் ஒன்று ஃபிளேஞ்ச் ஓரத்தில் உடைந்துவிட்டது. ஜூலை மாதம், விடாத மழை. அதுவரை நான் சாதாரண 6013 வெல்டிங் குச்சியில் கேட், கிரில், கூரைச் சட்டம் என்று ஒட்டிப் பழகியவன். "இதுதான் பலமான குச்சி" என்று யாரோ சொல்ல 7018 வாங்கியிருந்தேன். பிரித்த பெட்டி மூன்று வாரமாக லயத்து அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதைக் கொண்டே ஒட்டினேன். ஒட்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஆள் அனுப்பினார். ஒட்டின் விளிம்பு நெடுக மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெட்டி எடுத்து மறுபடி ஒட்டினேன், மறுபடி வெடித்தது. ஷாஃப்ட் பழைய இரும்புக்குப் போனது. இரண்டு நாள் கொழுந்து வேறு தொழிற்சாலைக்கு லொறியில் போனது.

பிறகு கொழும்பில் ஒரு வெல்டர் பரீட்சை எழுதி, ஒட்டிய துண்டை வளைத்துப் பார்க்கும் வளைவுச் சோதனையில் தோற்றேன். அடுத்த முறை தேறியபோது பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆயின. இந்த மூன்று இடத்திலும் நீங்கள் தடுக்கி விழக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். 6013 பிடிக்கத் தெரிந்தவருக்கு இது. ஆர்க் பிடிக்கவே இன்னும் வராதவர் முதலில் 6013-இல் ஒரு மாதம் பழகிவிட்டு வாருங்கள்.

1. பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

7018 என்பது வெறும் பெயரல்ல. 70 என்றால் ஒட்டிய உலோகத்தின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்ட். 1 என்றால் எல்லா நிலையிலும் ஒட்டலாம். 8 என்றால் இரும்புத்தூள் கலந்த லோ ஹைட்ரஜன் பூச்சு. 7015, 7016 ஆகியவையும் இதே குடும்பம். சில பெட்டியில் ஐரோப்பிய முறையில் எண் இருக்கும், அதில் 'பி' என்ற எழுத்தைத் தேடுங்கள். அது பேசிக் பூச்சு, அதாவது இதே வகைதான்.

எண்ணுக்குப் பின்னால் எச்4, எச்8, எச்16 என்று வரும். 100 கிராம் ஒட்டு உலோகத்தில் அதிகபட்சம் எத்தனை மில்லிலீட்டர் ஹைட்ரஜன் கலக்கும் என்பதன் அளவு அது. எண் குறையக் குறைய நல்லது. அதற்கும் பின்னால் 'ஆர்' இருந்தால் ஈரத்தைத் தாங்கும் பூச்சு. மலையகத்துக்கு எச்4 ஆர் குச்சிதான் என் தேர்வு. சற்று விலை கூடினாலும் மாற்ற மாட்டேன்.

கலப்பு உருக்குக்கு வேறு குச்சி. ஒன்றேகால் சதவீதம் குரோமியமும் அரை சதவீதம் மொலிப்டினமும் உள்ள இரும்புக்கு 8018-பி2, இரண்டேகால் சதவீதம் குரோமியமும் ஒரு சதவீதம் மொலிப்டினமும் என்றால் 9018-பி3. 'எல்லாம் லோ ஹைட்ரஜன் தானே' என்று சாதாரண 7018-ஐ அந்த இரும்பில் வைக்காதீர்கள். நீராவிக் கொதிகலன், அழுத்தக் கலன் பக்கம் தனியாகப் போகவே வேண்டாம். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவற்றுக்குப் பரிசோதகர் உண்டு. அவர் பார்க்காமல் ஒட்டிக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

2. உங்கள் மெஷின் இதை எரிக்குமா?

பழைய ஏசி டிரான்ஸ்ஃபோமர் பெட்டிகள் பலவற்றின் வெற்று வோல்ட், அதாவது ஆர்க் பிடிக்கும் முன் இருக்கும் வோல்ட், 50 சொச்சம்தான். 6013 அதில் எரியும், 7018 ஒட்டிக்கொண்டு அணையும். ஏசியில் இந்தக் குச்சி ஒழுங்காக எரிய 70 வோல்ட்டாவது வேண்டும். டிசி இன்வர்ட்டர் இருந்தால் கவலையில்லை. குச்சியை நேர்முனையில், அதாவது பிளஸ்ஸில் மாட்டுங்கள். பலர் 6013-க்கு மாட்டிய மைனஸிலேயே விட்டுவிட்டு, 'இந்தக் குச்சி தெறிக்கிறது' என்று குச்சியைக் குறை சொல்கிறார்கள்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. லயத்துக் கடைசி வீட்டுக்கு நீண்ட லைன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது 230 வோல்ட் 230 ஆக இருப்பதில்லை. 3.2 மி.மீ. குச்சிக்கு 110 அம்பியர் வைத்தாலும் நிஜமாக வருவது குறைவு. முக்கியமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.

அம்பியர் அளவு: 2.5 மி.மீ. குச்சிக்கு 70 முதல் 95, 3.2-க்கு 100 முதல் 140, 4-க்கு 140 முதல் 190. பெட்டியில் அச்சிட்டிருப்பதே இறுதி.

3. காசு கொடுக்கும் முன் தாளைக் கேளுங்கள்

கொன்ட்ராக்ட் வேலை என்றால் எந்தக் குச்சி, எந்த பேட்ச் என்று பின்னால் கேட்பார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பேட்ச் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கான பரிசோதனைச் சான்றிதழை வாங்கும்போதே கேளுங்கள். '3.1' வகைச் சான்றிதழ் என்று சொன்னால் விற்பனை முகவருக்குப் புரியும். அதில் உங்கள் பேட்ச்சையே சோதித்த முடிவு இருக்கும். '2.2' என்பது பொதுவான தாள், அந்தப் பேட்ச்சை அது சொல்லாது. வாங்கிப் போன பிறகு கேட்டால் கொழும்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நகரத்துச் சின்ன ஹார்ட்வெயார் கடையில் இது கிடைக்காது. உதிரியாக எண்ணிக் கொடுக்கும் 7018 குச்சியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், அது எத்தனை மழை பார்த்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

வேக்குவம் பொதி என்றால் கையால் அழுத்திப் பாருங்கள். செங்கல் போல இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது. விலை சற்று அதிகமானாலும் சிறிய பொதியே நமக்கு லாபம். 5 கிலோ டின்னைத் திறந்து பத்துக் குச்சி எரித்துவிட்டு மீதியை வீணாக்குவதுதான் உண்மையான செலவு.

4. பொதியைப் பிரித்த நிமிடத்திலிருந்து நேரம் எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆர்க்கின் வெப்பத்தில் அந்த ஈரம் உடைந்து ஹைட்ரஜனாகி உருகிய இரும்புக்குள் போகும். ஒட்டு ஆறும்போது வெளியேற முடியாத ஹைட்ரஜன், ஒட்டை ஒட்டிய கடினப்பட்ட பகுதியில் தங்கி, மணிக்கணக்கு, நாள்கணக்குக் கழித்து வெடிப்பாக வெளிவரும். என் ஷாஃப்ட் மூன்றாம் நாள் வெடித்தது இதனால்தான். குச்சியில் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது.

கட்டட உருக்குக்கான அமெரிக்க விதி ஏ.டபிள்யூ.எஸ். டி1.1. அதன்படி சாதாரண 7018 பிரித்த பிறகு வெளியில் இருக்கலாகும் நேரம் 4 மணி. 'ஆர்' குறியிட்ட குச்சிக்கு 9 மணி. வலிமை கூடக் கூட நேரம் சுருங்கும்: கலப்பு உருக்குக் குச்சிகளில் 80 வரிசைக்கு 2 மணி, 90 வரிசைக்கு 1 மணி, 100-க்கும் 110-க்கும் அரை மணி. நுவரெலியாவில் மூடுபனி கதவு வழியே உள்ளே வரும் நாளில் நான் 4 மணியைக் கூட 2 ஆக்கிக்கொள்கிறேன். அது விதியல்ல, என் பயம்.

பிரித்த குச்சியை 120 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டுப்பெட்டியில் வையுங்கள். கையில் தூக்கும் 5 கிலோ சூட்டுப்பெட்டி கிடைக்கிறது. அதிலிருந்து ஒரு தடவைக்கு ஏழெட்டுக் குச்சிதான் எடுக்க வேண்டும். சேட் பையில் குச்சியைச் செருகி வைக்கும் பழக்கத்தை 6013-ஓடு விட்டுவிடுங்கள்.

நேரம் தாண்டிவிட்டால் மின் அடுப்பில் சுட்டெடுக்க வேண்டும். 7018-க்கு 260 முதல் 430 பாகைக்குள் குறைந்தது 2 மணி. கலப்பு உருக்குக் குச்சிக்கு 370 முதல் 430-க்குள் 1 மணி. உங்கள் குச்சிக்குச் சரியான வெப்பத்தைத் தயாரிப்பாளர் பெட்டியில் போட்டிருப்பார், பெரும்பாலும் 300 முதல் 350. எடுத்தவுடன் 350-க்கு ஏற்றாதீர்கள், பூச்சு கீறிவிடும். பாதி வெப்பத்தில் அரை மணி வைத்துப் பிறகு ஏற்றுங்கள். இப்படிச் சுடுவது ஒரே ஒரு தடவைதான். மழையில் நனைந்த குச்சியைச் சுட்டும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள்.

நம் பக்கத்தில் நான் கண்ட தவறான வழிகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, தேயிலை ட்ரையர் வாசலில் வைத்து எடுப்பது. நானும் செய்திருக்கிறேன். அங்கே காற்றின் சூடு 100 பாகை அளவுதான், அதோடு கொழுந்திலிருந்து வரும் ஈரமும் கலந்திருக்கிறது. இரண்டாவது, விறகடுப்பு மேல் பரணில் வைப்பது. விறகும் எரிவாயுவும் எரியும்போது நீராவியை வெளியிடும், ஆகவே அது ஈரத்தைக் கூட்டும். மூன்றாவது, பெட்டிக்குள் பல்பு எரிய விடுவது. 6013-க்கு அது போதும், இதற்குப் போதாது. நான்காவது, வெல்டிங் மெஷினில் ஷோர்ட் செய்து குச்சியைச் சிவக்கச் சிவக்கச் சூடேற்றுவது. பூச்சு உதிர்ந்து குச்சியே கெடும்.

இன்னொன்று: எல்லாக் குச்சியையும் ஒரே அடுப்பில் போடாதீர்கள். 6010 போன்ற செலுலோஸ் குச்சிக்கு ஈரம் வேண்டும், சுட்டால் அது செத்துப்போகும். 6013-ஐயும் 300-க்கு ஏற்றக்கூடாது.

5. இரும்பு எது என்று தெரிந்த பிறகு சூடாக்குங்கள்

சாதாரண மைல்ட் ஸ்டீல் தகடு, 20 மி.மீ.-க்குக் கீழே, நல்ல குச்சி: விசேஷமாகச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் விடிகாலையில் இரும்பின் மேல் பனித்துளி நிற்கும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியும் பார்க்கலாம். துணியால் துடைத்தால் போதாது. கேஸ் டோர்ச்சை வைத்தவுடன் குளிர்ந்த இரும்பில் முதலில் தண்ணீர் பூக்கும், அதைக் கண்டு நிறுத்தாமல் முழுக்கக் காயும்வரை தொடருங்கள். துரு, பெயின்ட், கிரீஸ், தேயிலைத் தூள் படிந்த எண்ணெய் எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுங்கள். அவையும் ஹைட்ரஜன்தான் தரும்.

தடிப்புக் கூடினால் சூடும் கூடும். டி1.1-இல் சாதாரணக் கட்டட உருக்குக்கு லோ ஹைட்ரஜன் குச்சியோடு 38 முதல் 65 மி.மீ. தடிப்புக்கு 65 பாகை, அதற்கு மேல் 110 பாகை. அதே தகட்டை லோ ஹைட்ரஜன் அல்லாத குச்சியால் ஒட்டினால் 110-உம் 150-உம் வேண்டும். காய்ந்த குச்சி இங்கே கேஸ் செலவையும் மிச்சம் பிடிக்கிறது.

ஷாஃப்ட் என்றால் கதை வேறு. என்8 என்று சொல்லும் ஷாஃப்ட் இரும்பில் கார்பன் ஏறக்குறைய 0.4 சதவீதம். நான் உடைத்தது அப்படிப்பட்டதுதான். இப்போது அந்த வகையை 200 பாகைக்குக் குறையாமல் ஏற்றி, ஒட்டி முடிக்கும்வரை அந்தச் சூட்டை இறங்க விடாமல், முடிந்ததும் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுகிறேன். தொழிற்சாலை உலைச் சாம்பல் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அன்றே எடுத்த காய்ந்த சாம்பலாக இருக்கட்டும்.

சூட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். குறித்த வெப்பத்தில் உருகும் சுண்ணக்கட்டி போன்ற வெப்பக் குச்சி விற்கிறார்கள். இணைப்பிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளித் தேய்த்துப் பாருங்கள். டோர்ச் வைத்த இடத்திலேயே பார்த்தால் மேல்தோல் சூட்டைத்தான் காட்டும்.

6. கைப்பழக்கத்தை மாற்றுங்கள்

6013-இல் குச்சியை முன்னும் பின்னும் வீசிப் பழகிய கை, 7018-இல் துளை போடும். ஆர்க் நீளம் குச்சிக் கம்பியின் விட்டத்தைத் தாண்டக்கூடாது. கிட்டத்தட்ட இரும்பில் உரசுவது போலவே பிடிக்க வேண்டும். நீட்டினால் காற்று உள்ளே போய்விடும். அகலமாக ஆட்டவும் வேண்டாம், குச்சி விட்டத்தின் இரண்டரை மடங்குக்குள் நிறுத்துங்கள். செங்குத்தாகக் கீழிருந்து மேலே ஏறும்போது இரு ஓரத்திலும் ஒரு நொடி நின்று, நடுவை விரைவாகக் கடந்து போங்கள். 3.2 குச்சியில் 100 முதல் 115 அம்பியருக்குள் அந்த நிலைக்கு எனக்கு ஒத்துவருகிறது.

நான் பரீட்சையில் தோற்றது தொடக்கத் துளையால். குச்சி பற்றும் முதல் நொடியில் பாதுகாப்பு வாயு போதாமல் சின்னத் துளைகள் விழும். ஆகவே முந்தைய ஒட்டை நிறுத்திய குழிக்கு 10, 15 மி.மீ. முன்னால் பற்றவைத்து, பின்னோக்கிக் குழிக்கு வந்து, அங்கிருந்து பற்றவைத்த இடத்தின் மேலாகவே ஒட்டிக்கொண்டு போங்கள். துளை உருகி மறைந்துவிடும். பற்றவைப்பது எப்போதும் ஒட்டு விழப்போகும் பள்ளத்துக்குள்தான். வெளியே தகட்டில் கீறினால் அதையே குறையாக எழுதுவார்கள்.

பாதி எரிந்து அணைந்த குச்சியின் முனையில் ஸ்லாக் (கசடு) ஒரு மூடி போலக் கட்டியிருக்கும். அதை ஓங்கித் தட்டாமல் சிமெந்துத் தரையில் மெல்ல உரசி எடுங்கள், ஓங்கினால் பூச்சு உடையும். புகையில் ஃபுளோரைட் இருக்கிறது, மூடிய அறையில் கதவைத் திறந்து வையுங்கள். ஈரத்தரையில் நின்று குச்சி மாற்றாதீர்கள், காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு, காய்ந்த கையுறையோடு நில்லுங்கள்.

7. 48 மணி பொறுங்கள்

கனமான, கார்பன் கூடிய, அல்லது உயர்வலிமை இரும்பில் ஒட்டி முடித்த அன்றே "சரி" என்று சொல்லாதீர்கள். 48 மணி கழித்து மறுபடி பாருங்கள். டை பெனட்ரன்ட் என்று மூன்று டின்: துடைப்பது, சிவப்பு, வெள்ளை. துடைத்து, சிவப்பு அடித்து, டின்னில் சொன்ன நேரம் காத்து, துடைத்து வெள்ளை அடித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாக எழும். இந்த இரண்டு நாளை வேலை பேசும்போதே தோட்டத் துரையிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் தாமதம் என்பார்கள்.

8. செலவைக் குச்சியாக எண்ணுங்கள்

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆகவே ரூபாயை எழுதவில்லை. கணக்கு மாறாது. 3.2 மி.மீ., 350 மி.மீ. நீளமுள்ள 7018 கிலோவுக்கு ஏறக்குறைய 27 குச்சி நிற்கும். 6 மி.மீ. ஃபில்லட் (மூலை ஒட்டு) ஒரு மீட்டருக்கு 7 அல்லது 8 குச்சி போகும். அதில் மீட்டரைப் பெருக்கி, கடை விலையைப் போட்டு, வீணுக்குப் பத்தில் ஒன்று கூட்டுங்கள். குச்சி சுடும் அடுப்பு ஒரு கிலோவாட் என்றால் 3 மணி நேரம் முழுதாக ஓடினாலும் 3 யூனிட்தான். புதியவர்கள் விலைக்கூற்றில் மறப்பது கேஸ், கிரைண்டர் வட்டு, வெப்பக் குச்சி, பெனட்ரன்ட் டின், இரண்டாம் முறை வந்துபோகும் பஸ் செலவு. நான் மறந்து கைக்காசில் ஈடுகட்டினேன்.

9. சான்றிதழ்: இரண்டும் வேறு வேறு

என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் நீங்கள் தொழில் தெரிந்தவர் என்று நாட்டுக்குச் சொல்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் முறை அது. வகுப்புக்குப் போகாமல் வேலையில் கற்றவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி உண்டு, நைட்டா (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டத்திலோ கராஜிலோ வேலை செய்ததற்கான கடிதத்தைத் தலைப்புத்தாளில், திகதியோடு, செய்த வேலையைக் குறிப்பிட்டு வாங்குங்கள். செய்த வேலைகளின் படங்களை இன்றிலிருந்தே சேருங்கள்.

வெல்டர் பரீட்சை வேறு. அது இந்த முறையில், இந்தக் குச்சியில், இந்த நிலையில் ஒட்டுவார் என்று ஒரு வேலைக்குச் சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்க முடியாது. பரீட்சைக்குப் பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தக் குச்சி? டி1.1-இல் 6013 இரண்டாம் பிரிவு, 7018 நான்காம் பிரிவு. 6013-இல் தேறியவருக்கு 7018 அனுமதி இல்லை, 7018-இல் தேறியவருக்கு 6013-உம் சேரும். எந்த நிலை? தகட்டில் 3ஜி-யும் (செங்குத்து) 4ஜி-யும் (தலைக்கு மேல்) சேர்த்து எழுதினால் தகட்டின் எல்லா நிலையும் அடங்கும். எந்தத் தடிப்பு, பின்தகடு (இணைப்பின் பின்னால் வைக்கும் தகடு) வைத்தா வைக்காமலா? 10 மி.மீ. தகட்டில் எழுதினால் 20 மி.மீ. வரைதான், 25-இல் எழுதினால் தடிப்புக்கு எல்லையில்லை. பின்தகடு வைத்துத் தேறியவர் அது இல்லாத வேரை, அதாவது ஒட்டின் அடிப்பகுதியை, ஒட்ட முடியாது.

வளைவுச் சோதனையில் 3 மி.மீ.-ஐத் தாண்டிய ஒரு திறப்பு போதும், தோல்வி. ஹட்டனிலிருந்து அன்று காலை புறப்பட்டு ஓடிப்போய்ப் பரீட்சை எழுதாதீர்கள், முதல் நாளே இறங்கித் தூங்குங்கள். அங்கே கொடுக்கும் குச்சி அடுப்பிலிருந்து வருகிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இனிப் பெயர். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பாஸ்போட்டில் மூன்றாவது. நம் மக்களில் பலருக்கு இதுதான் நிலை. பரீட்சைக்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம், அடையாள அட்டைத் திருத்தம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு. பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் திருத்த வேண்டும், மற்றவை அதைப் பார்த்தே வரும். இதற்கு வாரங்கள் போகும், சில வேளை மாதங்கள். பரீட்சைத் திகதியை அதற்குப் பிறகு வையுங்கள்.

தேறிய பிறகும் ஒரு கொப்பி வேண்டும். அந்த முறையில் 6 மாதத்துக்கு மேல் ஒட்டாமல் இருந்தால் தகுதி காலாவதியாகும். திகதி, வேலை, குச்சி, பேட்ச் எண், மேற்பார்வையாளரின் கையொப்பம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. கொழுந்து குறைந்து தொழிற்சாலையில் வேலை இல்லாத மாதங்களிலும் ஒரு தகட்டையாவது 7018-இல் ஒட்டி, பொறுப்பானவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள்.